புல்வெளியா, மொட்டைமாடியா, மரத்தடியா?

அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக மதுரையில் ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தோம். வாசலில் பச்சைப்பசேலென்று கொரியன் புல்வெளி, நடுவில் நீரூற்று, சுற்றிலும் சங்கிலி, 'புல்லில் நடக்காதீர்' பலகை. சனங்கள் உட்கார்ந்திருந்ததோ சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்து வேப்பமரத்தடியில், தூக்குவாளியோடு. அப்படியானால் ஒரு மருத்துவமனைக்கு எந்த மாதிரித் தோட்டம் பொருத்தம்?

புல்வெளி போடுவது சுலபம், போட்டோவுக்கும் எடுப்பு. ஆனால் தண்ணீரைக் குடிக்கும், நிழல் தராது. 'பார்த்தாலே மனசுக்கு இதம்தானே?' என்பார்கள். சரிதான். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அலசியது அது. செங்கல் சுவர் தெரியும் ஜன்னலோரம் படுத்திருந்தவர்களைவிட, மரங்கள் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. கவனியுங்கள், தெரிந்தது மரம், புல் அல்ல.

மொட்டைமாடித் தோட்டத்துக்கு நல்ல உதாரணம் சிங்கப்பூர் ஈசூனில் 2010-ல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனை. மாடியில் காய்கறியே விளைகிறது. நமக்கும் ஆசைதான். ஆனால் ஒரு சதுர மீட்டரில் ஓரடி உயரத்துக்கு ஈரமண் போட்டால் கிட்டத்தட்ட அரை டன். கட்டும்போதே கணக்குப் போடாத பழைய கட்டடம் தாங்காது. லிஃப்ட் மாடிவரை போகாவிட்டால் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் பயனில்லை.

என் ஓட்டு மரத்தடி முற்றத்துக்கு. புங்கமரம் வைக்கலாம், அடர்ந்த நிழல், பூ உதிர்ந்தால் பொரி இறைத்த மாதிரி இருக்கும். (பெருக்குகிற அக்கா திட்டுவார், அது வேறு கதை.) பாதையில் கூழாங்கல் வேண்டாம், டிரிப்ஸ் ஸ்டாண்டின் சக்கரம் சிக்கிக்கொள்ளும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் இடிக்காத அகலத்தில் சமமான சிமெண்டுத் தரை போதும். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றும் வார்டின் ஜன்னலடியில் மல்லிகைப் பந்தல் கூடாது. அந்த வாசனையே சிலருக்குக் குமட்டும். அரளி எவ்வளவு பூத்தாலும் குழந்தைகள் பக்கம் வேண்டவே வேண்டாம், அத்தனையும் விஷம்.

அப்புறம், பெஞ்சுக்குக் கைப்பிடி. அந்த வேப்பமரத்தடியில் கிடந்தது வெறும் கல்பலகை. தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கைக்குப் பிடிமானம் தேடித் துழாவி, கடைசியில் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் தோளைப் பிடித்துத்தான் அம்மா எழுந்தார்.