கட் ஆஃபா, இசட் ஸ்கோரா? எந்தக் கணக்கு நியாயம்?

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கும் சரி, இலங்கை யுனிவர்சிட்டி அட்மிஷனும் சரி, பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை மார்க்கைத்தான் பார்க்குது, ஆனா அந்த மார்க்கை ரேங்க்கா மாத்துற கணக்கு சுத்தமா வேற: இங்க கட் ஆஃப், அங்க இசட் ஸ்கோர்.

நம்ம கட் ஆஃப் சிம்பிள். மேத்ஸ் அப்படியே 100க்கு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதி, மொத்தம் 200. மேத்ஸ்ல 92, பிசிக்ஸ்ல 84, கெமிஸ்ட்ரில 78னா 92+42+39, கட் ஆஃப் 173, ரிசல்ட் வந்த நிமிஷமே பிள்ளை வாயாலயே சொல்லிடும். யாரையும் கேட்கத் தேவையில்லாத இந்தத் தெளிவு ரொம்பப் பெரிய விஷயம்.

வேற போர்டு பிள்ளைங்க வரும்போதுதான் இடிக்குது. ஸ்டேட் போர்டுல டாப் மார்க் 100, வேற ஒரு போர்டுல டாப் 95னு வச்சுக்கோங்க, அங்க 80 எடுத்தவனுக்கு 84.2ன்னு ஏத்திக் குடுப்பாங்க. ஆனா அந்த போர்டுல ஒரே ஒருத்தன் 100 எடுத்துட்டா போதும், பேப்பர் எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் மத்த யாருக்கும் அரை மார்க் கூட ஏறாது. அத்தனை பேர் தலையெழுத்தும் ஒரு டாப்பர் கையிலயா? இது எனக்கு ஒத்துக்கவே முடியல.

இலங்கையில 2001ல கொண்டு வந்த இசட் ஸ்கோர் டாப்பரைப் பார்க்காது, எழுதின எல்லாரையும் பார்க்கும். உங்க மார்க்ல இருந்து அந்தப் பாடத்தோட சராசரியைக் கழிச்சு, மார்க் எவ்வளவு பரவிக் கிடக்குதோ அந்த ஸ்டாண்டர்ட் டீவியேஷனால வகுக்கணும். ரெண்டு பாடத்துலயும் 70தான், ஆனா ஒண்ணுல சராசரி 40, டீவியேஷன் 15, அங்க உங்களுக்கு 2. இன்னொண்ணுல சராசரி 60, டீவியேஷன் 10, அங்க வெறும் 1. மூணு பாடத்துக்கும் இப்படிப் போட்டு சராசரி எடுப்பாங்க. ஆளுக்கொரு பாடம் எடுக்குற ஆர்ட்ஸ் பிரிவுக்கு இது இல்லாம முடியாது. (மாவட்ட கோட்டா தனி, அது வேற கதை.)

குறை இல்லாம இல்ல. வீட்ல உட்கார்ந்து போட்டுப் பார்க்க முடியாது, யாரை யாரோட சேர்த்து சராசரி எடுக்குறாங்கங்கறதுலயே எல்லாம் மாறிடும். 2011ல பழைய சிலபஸ், புது சிலபஸ் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கணக்குப் பண்ணி, இலங்கை சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ற வரைக்கும் போச்சு.

என்னைக் கேட்டா ஸ்டேட் போர்டு பிள்ளைங்க எல்லாரும் எழுதுறது அதே மூணு பேப்பர்தான், அவங்களுக்கு 200 கணக்கே போதும். வேற போர்டு மார்க்கை மட்டும் டாப்பரை விட்டுட்டு இசட் முறையில மாத்தணும், சராசரியையும் டீவியேஷனையும் ரிசல்ட்டோடவே வெளியிடணும்.