சில்மரில்லியன்: நடந்த வரலாறா, வழிவழி வந்த கதையா?

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த கற்பனை உலகின் பழங்கதைகளை ரசிகர்கள் இரண்டு விதமாக வாசிக்கிறார்கள். ஒரு சாரார், 1977-இல் வெளிவந்த அந்தப் பழங்கதைகளின் தொகுப்பான 'சில்மரில்லியன்' சொல்வதை அப்படியே நடந்ததாகக் கொள்வார்கள். அவர்களுக்கு, லாரெலின் என்ற பொன்னொளி மரத்தின் கடைசிக் கனிதான் சூரியன். உலகம் முதலில் தட்டை, நூமெனோர் என்ற தீவு மூழ்கியபோதுதான் உருண்டையானது. வம்சாவளியும் காலவரிசையும் போட்டுப் பார்க்க இந்த வழி வசதி.

மறு சாரார், "இதைச் சொன்னது யார்?" என்று கேட்பவர்கள். ஆசிரியரே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். 1937-இல் வந்த அவரது 'ஹாபிட்' நாவலில் கொல்லம் என்ற குகைவாசி, நாயகன் பில்போவுக்கு மோதிரத்தைப் பந்தயப் பரிசாகத் தர முன்வருகிறான். 1951 பதிப்பில் அது மாறிவிட்டது. பழைய வடிவம் பில்போ சொன்ன பொய்யாம், கதைக்குள்ளேயே சமாளித்துவிட்டார் மனுஷன்! பிற்காலத்தில் தட்டை உலகமும் அவரை உறுத்தியது. எல்ஃப் என்னும் சாவில்லா இனத்தாருக்கு உண்மை தெரிந்திருக்கும், இவை மனிதர் வழியே வந்த மரபுக் கதைகள் என்று குறிப்பெழுதினார்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. முரண்பாடு வந்தால் முதல் வாசிப்பு தடுமாறும். இதற்கு அதுவே தீனி. ஆனால் பிடிக்காத பகுதியையெல்லாம் "அது யாரோ கட்டிய கதை" என்று தள்ளிவிடும் ஆசாமிகளும் இங்கேதான் அதிகம். முதன்முறை படிப்பவர் முதல் வழியிலேயே போகட்டும். சூரியனைக் கனியென்று நம்பாமல் அந்த அத்தியாயத்தைப் படிப்பதில் சுவையில்லை.