ஸ்டீராய்டு: காய்ச்சல் வந்ததுமா, ஆக்சிஜன் குறைந்த பிறகா?

டெக்சாமெத்தசோன் என்பது நம் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட ஸ்டீராய்டு மருந்து. இரண்டும் அழற்சியை, அதாவது நோய்க்கு எதிராக உடல் காட்டும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினையை, அடக்கும். மாத்திரையின் வீரியம்தான் பல மடங்கு அதிகம். கொரோனாவில் அதை எப்போது கொடுப்பது என்பதில்தான் உயிர் இருந்தது.

முதல் சில நாட்கள் வைரஸ் பெருகும் நேரம். அப்போது வரும் அழற்சி நமக்கு வேண்டிய படை. அதை அடக்கினால் லாபம் வைரஸுக்குத்தான். சர்க்கரையும் ஏறும். 2021 இரண்டாம் அலையில் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை பரவியதற்குக் கட்டுக்கடங்காத சர்க்கரையோடு தேவையற்ற ஸ்டீராய்டும் ஒரு காரணம். நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

ஆக்சிஜன் குறைந்த பிறகு கதையே வேறு. இப்போது நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் நம் எதிர்ப்பு சக்தியின் மிகை வேகம். பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வில் (2020) தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை.

ஆகவே என் ஓட்டு இரண்டாவதுக்கே. அப்புறம் ஒன்று: வேறு நோய்க்காக நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் காய்ச்சல் வந்ததென்று திடீரென நிறுத்தக் கூடாது. நெடுநாள் மருந்தால் உறங்கிப்போன அவர்களின் அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது.