ஐந்து சீசன் சம்பளக் கணக்கும் ஓர் அரை டாலரும்

போன வாரம் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து சித்தப்பா மகன் அழைத்தான். "அண்ணா, நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து இந்த ஆண்டு ஃபேன்டசி பேஸ்பாலில் ஏல லீக் தொடங்குகிறோம். நீங்கள் பயன்படுத்தும் செயலியையே நாங்களும் எடுக்கலாமா?" என்று கேட்டான். நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் உண்மை ஆட்டங்களில் காட்டும் திறனை வைத்துப் போட்டியிடும் விளையாட்டு அது. நாற்பது நிமிடம் பேசினேன். அதில் பாதிக்கு மேல் ஓர் அரை டாலரைப் பற்றியே போய்விட்டது. விட்டுப்போனவை நிறைய இருப்பதால் எழுதியே தருகிறேன் என்றேன். செயலியின் பெயர் அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

விதிகளை விரித்துச் சொல்லப்போவதில்லை. பத்து அணிகள், அணிக்கு 260 டாலர், 23 இடங்கள். வாங்கிய விலைதான் வீரனின் சம்பளம். அடுத்த ஆண்டுக்குத் தக்கவைக்கும் வீரனுக்கு ஆண்டுக்கு 5 டாலர் சம்பள உயர்வு. சீசன் நடுவில் ஒருவனை விடுவித்தால் அவன் சம்பளத்தில் பாதி அடுத்த ஆண்டு ஏலப் பணத்தில் பிடித்தம். ஏலம் ஆண்டுதோறும் மார்ச் 21, தென்னாப்பிரிக்காவின் மனித உரிமை நாள் விடுமுறையில், சாட்ஸ்வர்த்தில் என் மைத்துனர் வீட்டில் நடக்கும். டர்பனில் உட்கார்ந்துகொண்டு பேஸ்பால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் கிஃப்ட் என்கோபே. ராண்ட்பர்க்கில் ஒரு பேஸ்பால் கிளப் கட்டடத்திலேயே வளர்ந்த பையன். 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் அணிக்காக மைதானத்தில் இறங்கி, அமெரிக்காவின் மேஜர் லீகில் ஆடிய முதல் ஆப்பிரிக்கர் ஆனார். தான் சந்தித்த முதல் பந்து வீச்சாளரான ஜான் லெஸ்டரை அடித்து முதல் தளத்தில் போய் நின்றார். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

ஏலத்தின்போது திரையின் மேல் மூலையில் ஒரே ஓர் எண் நிற்கும்: நீங்கள் இந்த நொடி அதிகபட்சமாகக் கேட்கக்கூடிய தொகை. மீதி இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலரை ஒதுக்கிவைத்துவிட்டு எஞ்சுவது அது. முதல் இரண்டு ஆண்டு தாளில் ஏலம் நடத்தியபோது, கடைசி மூன்று இடங்களை நிரப்பப் பணமில்லாமல் ஒருவர் மாட்டிக்கொள்வார். யார் எதை எவ்வளவுக்குக் கேட்டார் என்று பாதி இரவு சண்டை நடக்கும். செயலி வந்த 2021 முதல் அப்படி ஒரு சண்டைகூட இல்லை. பத்து அணிகளின் கையிருப்பும் எல்லாருக்கும் எப்போதும் தெரியும். எதிரியிடம் 31 டாலர் இருக்கிறது, ஆனால் ஏழு இடம் காலி, ஆகவே அவன் 25க்கு மேல் போக முடியாது என்று பார்த்துக்கொண்டே கேட்பதில் இருக்கும் சுகம் ஏலத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

காயம்பட்டோர் பட்டியலையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறது. 2024இல் பந்து வீச்சாளர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரை 36 டாலருக்கு வாங்கியிருந்தேன். இரண்டே ஆட்டத்தில் வீசினார். முழங்கையில் அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. மே 26 அன்று ரொனால்ட் அகூன்யாவின் முழங்கால் போனது. முந்தைய ஆண்டு 41 ஹோம் ரன்னும் 73 தளத் திருட்டும் குவித்தவர், எங்கள் லீகின் மிக விலை உயர்ந்த வீரர். இருவரையும் காயப்பட்டியலுக்கு நகர்த்தியதும் இடம் காலியானது, சம்பளம் மட்டும் கணக்கிலேயே நின்றது. அதுதான் முறை. காயம் உங்கள் முதலீட்டு நட்டம். பணம் திரும்பி வரக்கூடாது.

எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சியும் இதே செயலியில்தான் கிடைத்தது. 2023 ஜூலை, இங்கே குளிர்காலம், மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். டெட்ராய்ட்டின் பந்து வீச்சாளர் டாரிக் ஸ்கூபல் கை அறுவை சிகிச்சை முடிந்து ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு திரும்பியிருந்தார். ஞாயிறு இரவு, வீடு முழுக்க இருட்டு, கைப்பேசியில் சார்ஜ் கடைசிக் கோட்டில். யாரிடமும் இல்லாத வீரரை சீசன் நடுவில் எடுக்க, மற்றவர்களுக்குத் தெரியாத மூடிய ஏலத் தொகையாக 4 டாலர் எழுதினேன். முடிவு நியூயார்க்கில் நள்ளிரவுக்கு வெளியாகும். நமக்குத் திங்கள் காலை ஆறு மணி. எழுந்து பார்த்தால் ஸ்கூபல் என் பெயரில் இருந்தார். அடுத்த பெரிய ஏலத் தொகை 3 டாலர். அடுத்த ஆண்டு 9 டாலர் சம்பளத்தில் 18 வெற்றி, 228 ஸ்ட்ரைக்-அவுட், சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது. 2025இல் 14 டாலர் சம்பளத்தில் மறுபடியும் அதே விருது. அவர் பெயருக்குப் பக்கத்தில் 4, 9, 14 என்று வரிசையாக நிற்கும் அந்தச் சம்பள வரலாற்றை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இனி அரை டாலர்.

விடுவித்தால் பாதிச் சம்பளம் பிடித்தம் என்று சொன்னேன் அல்லவா? இந்தச் செயலிக்குச் சென்ட் தெரியாது. பாதி என்று வந்து பின்னம் விழுந்தால் மேல் நோக்கி முழு எண்ணாக்கிவிடும். 7 டாலர் வீரனுக்கு மூன்றரை வரவேண்டிய இடத்தில் 4. பெரிய சம்பளத்தில் இது உறுத்தாது. ஆனால் 1 டாலர் வீரனின் பாதி அரை டாலர். செயலி எடுப்பதோ ஒரு டாலர். அதாவது முழுச் சம்பளமும். பாதிப் பிடித்தம் என்று பத்துப் பேர் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட விதி, லீகிலேயே மலிவான வீரனிடம் மட்டும் முழுப் பிடித்தமாக மாறிவிடுகிறது.

1 டாலர் வீரர்கள்தான் இந்த விளையாட்டின் உயிர். நட்சத்திரங்களை யாரும் பணம் கொடுத்து வாங்கலாம். ஐந்தாவது பந்து வீச்சாளரை இந்த வாரம் எடுத்து, இரண்டு ஆட்டம் பார்த்து, சரிவரவில்லை என்றால் விட்டு, இன்னொருவனை எடுத்துப் பார்ப்பவன்தான் சீசன் முழுக்க உழைக்கிறான். அப்படி உழைப்பவனிடமிருந்துதான் இந்தச் செயலி எடுக்கிறது. 2024இல் நான் பதினொரு 1 டாலர் வீரர்களை விடுவித்தேன். நியாயமாக 5 டாலர் 50 சென்ட் பிடித்திருக்க வேண்டும். பிடித்தது 11 டாலர்.

அதன் விலையை 2025 மார்ச் 21 அன்று கொடுத்தேன். ஏலம் முடியும் தறுவாய். என்னிடம் 14 டாலர், மூன்று இடம் காலி, மூலையில் 12 என்ற எண். சியாட்டில் அணியின் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர், கேல் ராலியின் பெயர் வந்தது. எனக்குக் கேட்சர் இல்லை. 9, 10, 11. நான் 12 என்றேன். எதிரே சோபாவில் இருந்த மைத்துனர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு 13 என்றார். என் திரையில் பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு என்ன நடந்தது என்று பேஸ்பால் பார்க்கும் எல்லாருக்கும் தெரியும்: அந்த சீசனில் ராலி 60 ஹோம் ரன் அடித்தார். அதற்கு முன் எந்தக் கேட்சரும் 50ஐக்கூடத் தொட்டதில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். அந்த ஐந்தரை டாலர் கையில் இருந்திருந்தால் நான் 17 வரை போயிருப்பேன். மைத்துனர் 18 என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் பணம் இருந்தது. ராலி எனக்கே கிடைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய முடியாது. கேட்கும் உரிமை எனக்கு இருந்தது, அதைச் செயலி பறித்துக்கொண்டது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

நான் பிழைப்பது கணக்கு எழுதி. மூன்று கடைகளின் பேரேடு என் கையில் இருக்கிறது. நம் ஊரில் சின்னக் காசுகள் வழக்கொழிந்த பிறகு, ரொக்கமாகக் கொடுக்கும்போது பல கடைகளில் சில்லறையைக் கீழ் நோக்கித்தான் குறைக்கிறார்கள். வாங்குகிறவர் பக்கம் நிற்பது கடைக்காரரின் மரியாதை. உண்மையான பேஸ்பாலையே பாருங்கள். பாபி போனியா என்ற வீரரை நியூயார்க் மெட்ஸ் அணி 2000இல் விடுவித்தது. தரவேண்டியிருந்த 59 லட்சம் டாலரை எட்டு சதவீத வட்டியோடு ஒத்திவைத்தார்கள். 2011இலிருந்து 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் அவருக்குப் போகும் தொகை 11 லட்சத்து 93 ஆயிரத்து 248 டாலர் 20 சென்ட். அந்த 20 சென்ட்டைக் கவனியுங்கள். நட்சத்திர வீரர் ஒஹ்தானிக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதி அதில் 68 கோடியை ஒத்திவைக்கும் உலகம் அது. அங்கே விடுவித்த வீரனின் கணக்கில் 20 சென்ட் இருபத்தைந்து ஆண்டு நிற்கிறது. 260 டாலர் லீகில் 50 சென்ட்டை வைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லையா?

உதவி மையத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் பணிவான பதில் வந்தது. கடைசிப் பதிலில் ஒரு வழி சொன்னார்கள்: எல்லாத் தொகையையும் இரட்டிப்பாக்கி, 520 டாலர் லீகாக நடத்துங்கள், குறைந்தபட்ச ஏலத் தொகையை 2 டாலர் ஆக்குங்கள். மாதிரி ஏலம் நடத்திப் பார்த்தோம். ஏலம் ஒவ்வொரு டாலராகத்தான் ஏறுகிறது. யாராவது 3 என்று கேட்டால் பாதி ஒன்றரை என்று பின்னம் மறுபடி வந்து நிற்கிறது. அதைவிட, "ஒரு டாலர்!" என்று அறை முழுக்கக் கூவுகிற அந்தக் கடைசி அரை மணி நேரம் செத்துப்போனது. "இரண்டு டாலர்" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்காது. கைவிட்டோம்.

நான் இந்த ஆண்டும் சந்தா கட்டிவிட்டேன். ஐந்து ஆண்டுச் சம்பள வரலாறு அதற்குள் இருக்கிறது. பத்துப் பேரில் ஏழு பேருக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஸ்கூபல் 19 டாலரில் அதற்குள்தான் இருக்கிறார். மைத்துனர் ராலியை 18க்குத் தக்கவைத்திருப்பதும் அதற்குள்தான். நேற்று இரவு அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினேன்.

ஆகவே, தம்பி, எடுக்காதே. மேலே எழுதிய நல்லது அத்தனையும் உண்மை, இருந்தும் எடுக்காதே. நீ புதிதாகத் தொடங்குகிறாய், உன்னைக் கட்டிப்போடப் பழைய வரலாறு எதுவும் இல்லை. எட்டுப் பேர்தான். டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் 1980இல் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது எல்லாக் கணக்கையும் கையால்தான் போட்டார்கள். அணிக்கு ஒரு பக்கம். வீரன், சம்பளம், விடுவித்த நாள், பிடித்தம். பிடித்தத்துக்கு மட்டும் டாலர் ஒரு கட்டம், சென்ட் ஒரு கட்டம். என்னிடம் அப்படிக் கோடு போட்ட நீளப் புத்தகம் ஒன்று எழுதாமல் இருக்கிறது. மார்ச் 21க்கு முன்பு டர்பன் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போ.