மூளைக்காய்ச்சலை முதலில் பிடிப்பது எது?

மூளையுறை அழற்சியைத்தான் பேச்சில் மூளைக்காய்ச்சல் என்கிறோம். காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று முதல் சில மணி நேரம் சாதாரண வைரஸ் காய்ச்சல் போலவே இருக்கும். பாக்டீரியாவால் வந்ததென்றால் ஒரே நாளில் உயிரைக் கொண்டுபோய்விடலாம். அதனால் சோதனைகளை ஒப்பிடும்போது துல்லியத்தை மட்டும் பார்த்தால் போதாது. பதில் எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் கையால் பார்ப்பவை. மல்லாக்கப் படுக்கவைத்துக் கழுத்தை மடக்கினால் முழங்கால் தானாக மடங்குகிறதா என்று பார்ப்பது புருட்சின்ஸ்கி குறி. இடுப்பை மடக்கிவைத்து முழங்காலை நீட்டும்போது வலித்துத் தடுக்கிறதா என்று பார்ப்பது கெர்னிக் குறி. செலவில்லை, ஒரு நிமிடம் போதும். ஆனால் பெரியவர்கள் 297 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், நோய் இருந்தவர்களில் இந்தக் குறிகள் தெரிந்தது நூற்றுக்கு ஐந்து பேரிடம்தான். கழுத்து விறைப்புகூட நூற்றுக்கு முப்பதுதான். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். உச்சிக்குழி புடைப்பதும், பால் குடிக்க மறுப்பதும், தூக்கினால் இன்னும் வீறிடுவதும்தான் அங்கே தடயம். கண்ணாடி டம்ளரை அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உடனே ஓட வேண்டும். புள்ளிகள் இல்லை என்று நிம்மதியடைய மட்டும் கூடாது. அவை எல்லாருக்கும் வருவதில்லை, வந்தாலும் பல நேரம் தாமதமாகத்தான் வரும்.

என் ஓட்டு, முதுகில் ஊசி இறக்கி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை எடுத்துப் பார்ப்பதற்குத்தான். குவிங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் 1891-இல் தொடங்கிவைத்த முறை இது. "முதுகுத் தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிடும்" என்ற பயத்தில் குடும்பமே கையெழுத்துப் போட மறுத்து மணிக்கணக்கில் தள்ளிப்போடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் அல்லது அதற்கடுத்த இடைவெளியில்.

நல்ல நீர் நிறைந்த குழாய்க்குப் பின்னால் அச்செழுத்தைப் பிடித்தால் தெளிவாகப் படிக்கலாம். பாக்டீரியா புகுந்த நீர் கலங்கியிருக்கும். ஒரு மைக்ரோலிட்டரில் ஐந்துக்கு மேல் போகக் கூடாத வெள்ளணுக்கள் ஆயிரத்தைத் தாண்டும், சர்க்கரை சரியும். அந்தச் சர்க்கரையை ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம். பாதிக்கும் கீழே, 0.4 பங்குக்கும் குறைந்தால் பாக்டீரியா மேல் சந்தேகம் வலுக்கும். அதே வேளையில் ரத்தமும் எடுக்க மறந்தால் பாதித் தகவல் போச்சு.

எடுத்த நீரில் கிருமியைத் தேடுவதில்தான் உண்மையான போட்டி. பாக்டீரியாவை நிறமேற்றிக் காட்டும் கிராம் சாயம் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். கிருமி தெரிந்தால் பெரும்பாலும் நம்பலாம், தெரியாவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. கிருமியை வளரவைத்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஒன்று முதல் மூன்று நாள். முன்னதாகவே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் சில மணி நேரத்திலேயே கிருமி வளராமல் போய்விடும். பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செத்த கிருமியின் மரபணுவையும் பிடிக்கும். அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்ற ஒரு பிசிஆர் தொகுப்புச் சோதனை, சுமார் ஒரு மணி நேரத்தில் 14 கிருமிகளைத் தேடுகிறது. ஆனாலும் ஹெர்பிஸ் வைரஸையும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையையும் சில நேரம் தவறவிடுகிறது. எந்த மருந்து கேட்கும் என்பதைக் கல்ச்சர் போல முழுசாகச் சொல்லவும் அதற்குத் தெரியாது. அதனால் பிசிஆர் இருந்தாலும் கல்ச்சரை விடக் கூடாது. காசநோய்க் கிருமிக்குக் கல்ச்சர் வாரக்கணக்கில் ஆகும். மரபணுச் சோதனை அங்கே பெரிய உதவி, ஆனால் 'இல்லை' என்று வந்தாலும் காசநோயை ஒதுக்கிவிட முடியாது.

சிடி ஸ்கேன் இந்தப் பந்தயத்திலேயே இல்லை. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வலிப்பு, நினைவு மங்கல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, எதிர்ப்புச் சக்தி குறைவு போன்றவை இருந்தால், முதுகில் ஊசி இறக்குவது பாதுகாப்பா என்று பார்க்கத்தான் அது தேவை. அப்படி ஸ்கேனுக்குக் காத்திருக்க நேர்ந்தால், ரத்தத்தில் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட வேண்டும். முதுகு நீரை அதன் பிறகும் எடுக்கலாம்.