லிஃப்ட் எந்த மாடில நிக்குது: எஸ்எஸ்இயா, வெப்சாக்கெட்டா?

கே.கே.நகர்ல ஒரு அபார்ட்மெண்ட்டுக்கு லிஃப்ட் எந்த மாடில நிக்குது, ஓடுதா இல்லையான்னு லைவா காட்ற வெப் காம்போனென்ட் (வெப் பேஜ்ல நாமளே செஞ்சு வைக்கிற சொந்த டேக்) செஞ்சுக்கிட்டிருக்கோம், சர்வர்ல இருந்து லைவா தகவல் வாங்க எஸ்எஸ்இ, வெப்சாக்கெட்னு ரெண்டு வழி இருக்கு, கூட வேலை பாக்குற தம்பிக்கு அதுல எதை எடுக்கன்னு ஒரே கொழப்பம், அதான் இது.

எஸ்எஸ்இ (சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்): சர்வர்ல இருந்து பிரவுசர் இருக்குற இங்கிட்டு மட்டும்தான் தகவல் வரும்.
வெப்சாக்கெட்: அங்கிட்டும் இங்கிட்டும் பேசும்.

கரண்ட் போயி நெட் கட்டானா?
எஸ்எஸ்இ: பிரவுசரே தானா திரும்ப கனெக்ட் பண்ணிக்கும்.
வெப்சாக்கெட்: அதையும் நாமதான் எழுதணும், எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

எஸ்எஸ்இல ஒரு வில்லங்கம் இருக்கு, எச்டிடிபியோட பழைய 1.1 வெர்ஷன்ல பிரவுசர் ஒரு டொமைனுக்கு 6 கனெக்‌ஷன்தான் குடுக்கும், 4 லிஃப்டுக்கு 4 காம்போனென்ட்டுன்னு வச்சு ரெண்டு டேப் தொறந்தா 8 ஆகி மிச்சம் தொங்கிரும், அதுனால ஒரே கனெக்‌ஷன்ல வாங்கி எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுங்க, இல்ல எச்டிடிபி 2 போடுங்க. வெப்சாக்கெட்டுக்கு இந்த 6 கணக்கு கெடையாது, ஆனா நடுவுல என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி சர்வர் இருந்தா, வெப்சாக்கெட்டுக்கு மாறச் சொல்ற அப்கிரேட் ஹெட்டர அதுல போடாம விட்டா ஓடாது.

எதா இருந்தாலும் டிஸ்கனெக்டட்கால்பேக்ல (காம்போனென்ட்டை பேஜ்ல இருந்து எடுக்கும்போது ஓடுற ஃபங்ஷன்) அந்த கனெக்‌ஷன க்ளோஸ் பண்ணிருங்க.

வாசல் டிவில மாடி நம்பர் காட்ட மட்டும்னா எஸ்எஸ்இ தாராளம். டெக்னீசியன் போன்ல இருந்து ஓயாம அங்கிட்டு இங்கிட்டு பேசணும்னா வெப்சாக்கெட். சும்மா லிஃப்டைக் கூப்பிட சர்வருக்கு ஒரு தடவை அனுப்புற சாதாரண போஸ்ட் ரிக்வெஸ்ட் போதும்ங்கிறேன், தம்பிதான் கேக்க மாட்டேங்கிறான்.