ஹிப்பின் கடைசிக் கச்சேரி ப்ளூரே: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரொக் இசை கேட்டு வளர்ந்த ஆள் இல்லை. வீட்டில் இளையராஜா, கோயில் திருவிழா என்றால் நாதஸ்வரம், அவ்வளவுதான். கனடாவின் ஹிப் என்ற ரொக் குழுவின் கடைசிக் கச்சேரி, ‘த ட்ராஜிக்கலி ஹிப்: எ நாஷனல் செலிபிரேஷன்’ என்ற இந்த ப்ளூரே டிஸ்கைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம். அந்தக் கச்சேரி நடந்த இரவு நான் குசினியில் நின்றேன்.

2016 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. ரொறன்ரோவில் பாரும் சாப்பாடுமாக ஓடுகிற ஒரு கடை, எனக்குப் பொரிக்கிற பக்கம் வேலை. சனி இரவு எட்டரை மணி என்றால் ஓடர் அடிக்கிற மெஷின் மூச்சு விடாது, கை எண்ணெய்ச் சட்டியை விட்டு எடுக்க நேரம் இருக்காது. அன்றைக்கு எட்டரைக்கு மெஷின் நின்றுவிட்டது. பேப்பர் முடிந்துவிட்டதோ என்று திறந்துகூடப் பார்த்தேன். கதவிடுக்கால் எட்டிப் பார்த்தால் மண்டபம் நிறைய ஆட்கள், ஆனால் ஒருவரும் சாப்பாடு கேட்கவில்லை, எல்லாத் தலையும் ரீவியைப் பார்த்தபடி. ரியோ ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருந்த நேரம், அதையே நிறுத்திவிட்டு கனடாவின் பொது ஒளிபரப்பான சிபிசி ஒரு பாட்டுக் கச்சேரியை விளம்பரம்கூட இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தலைமைச் சமையல்காரர் ஆறடி மனிதர், வாயைத் திறந்தால் தூஷணம்தான் வரும். அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தோளில் துவாயோடு கதவில் சாய்ந்து நின்று அழுகிறார். கோப்பை கழுவிக்கொண்டிருந்த பருத்தித்துறைப் பெடியன் மெல்ல என் பக்கத்தில் வந்து, “ஆரண்ணை செத்தது?” என்றான்.

“இன்னும் சாகேல்லையாம்” என்றேன்.

எனக்கும் அவ்வளவுதான் தெரியும் அப்போது.

பிறகுதான் விஷயம் விளங்கியது. கோர்ட் டவுனி, ஒன்ராறியோவில் கிங்ஸ்ரனுக்குப் பக்கத்து அம்ஹெர்ஸ்ட்வியூவில் 1964இல் பிறந்தவர். கிங்ஸ்ரனில் 1984இல் தொடங்கிய ஹிப் என்கிற ஐந்து பேர் குழுவின் பாடகர், பாட்டு வரிகளும் அவருடையவை. 2015 டிசம்பரில் மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது, குணப்படுத்த முடியாத வகை. 2016 மே மாதம் குழு அதை நாட்டுக்கே அறிவித்தது, அறிவித்த கையோடு நாங்கள் சுற்றுப்பயணம் போகிறோம் என்றும் சொன்னது. விக்டோரியாவில் தொடங்கி சொந்த ஊரான கிங்ஸ்ரனில் முடிகிற மாதிரி. ரிக்கெட்டுகள் வந்த வேகத்தில் மறைந்து, மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலைக்கு முளைத்தன. அதில் எழுந்த கோபத்துக்குப் பிறகுதான் 2017இல் ஒன்ராறியோ அரசு ரிக்கெட் விற்பனைக்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்தது. கடைசிக் கச்சேரி நடந்த அரங்கில் ஆறேழாயிரம் பேர்தான் கொள்ளும். வெளியே கிங்ஸ்ரன் சந்தைச் சதுக்கத்தில் பெரிய திரை வைத்து ஆயிரமாயிரமாய்க் கூடினார்கள். சிபிசி கணக்குப்படி 1 கோடி 17 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள் அல்லது கேட்டார்கள். நாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்.

எங்கள் பக்கம் ஆள் போன பிறகுதான் ஒப்பாரி. இங்கே செத்தவீட்டை முன்னுக்கே வைத்துவிட்டார்கள், சாகப்போகிறவரே வந்து மூன்று மணி நேரம் பாடினார்.

சரி, டிஸ்குக்கு வருகிறேன். பழைய டிஸ்க் விற்கும் கடையொன்றில் 12 டொலருக்கு எடுத்தேன். பெட்டியின் மூலை வெடித்திருந்தது. “உள்ளே புதுசு மாதிரி” என்றார்கள், புதுசு மாதிரி இல்லை, கடைசிக்கு முதல் பாட்டில் படம் இரண்டு முறை உறைந்து நின்றது, எடுத்துச் சட்டையால் துடைத்துப் போட்ட பிறகு சரியாக ஓடியது. எந்த இடத்தில் நிற்கக்கூடாதோ அந்த இடம். ஆகவே வாங்குவதென்றால் புதிதாகவே வாங்குங்கள்.

30 பாட்டு. படம் துலக்கம், சத்தம் அதைவிடத் துலக்கம். என்னிடம் இருப்பது ரீவிக்குக் கீழே வைக்கிற சின்ன ஸ்பீக்கர்தான், அதிலேயே ஜானி ஃபேயின் டிரம்ஸ் நெஞ்சில் வந்து இடிக்கிறது. தொடக்கத்தில் அவ்வளவு பெரிய மேடையின் நடுவில் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் தொடுகிற தூரத்தில் நெருங்கி நிற்கிறார்கள், ஏதோ சின்னக் கொட்டிலுக்குள் ஒத்திகை பார்க்கிற மாதிரி. டவுனி போட்டிருப்பது பளபளவென்று மினுங்கும் தோல் சூட், இறகு செருகிய தொப்பி. மனிசி தேத்தண்ணியோடு வந்தவள் பார்த்துவிட்டு, “இதென்ன கூத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி?” என்றாள். உண்மையில் அதுதான் சரியான சொல். முகத்தைக் கோணுவதும் கையை விசுக்குவதும் மைக்கை யாரோ பகையாளியைப் பிடித்த மாதிரிப் பிடிப்பதும், ராசா வேஷம் கட்டிய அண்ணாவியார்தான். மூளையில் ஒப்பரேஷன் செய்த ஆள், பாட்டு வரிகள் நினைவில் நிற்பதில்லை என்பதால் மேடையில் வரிகள் ஓடும் திரைகள் வைத்திருந்தார்கள். அந்த வருட ஒக்டோபரில் சிபிசி செய்தியாளர் பீற்றர் மான்ஸ்பிரிட்ஜுக்குக் கொடுத்த பேட்டியில், பேட்டி எடுப்பவரின் பெயர் மறந்துவிடாமல் இருக்கக் கையில் ‘பீற்றர்’ என்று எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டு இந்தக் கச்சேரியைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் வாயில் வந்து விழும்போது நமக்கு மூச்சு வருகிறது.

பாட்டுகள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கனடாக்காரர் ஏன் இப்படி அழுதார்கள் என்பதற்கு விடை அங்கேதான். உலகம் முழுக்கத் தெரிந்த குழு இல்லை இது. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், கடைசிவரை இவர்கள் பெரிதாக எடுபடவில்லை. எடுபட வேண்டும் என்று பாட்டுகளை மாற்றவும் இல்லை. முதல் பாட்டு ‘ஃபிஃப்டி மிஷன் கேப்’. பில் பாரில்கோ என்ற ஐஸ் ஹொக்கிக்காரரின் கதை. 1951 ஏப்ரலில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காகக் கோப்பையை வென்ற கோலை அடித்தவர், அதே கோடையில் மீன்பிடிக்கப் போன சின்ன விமானத்தோடு காணாமல் போனார். வயது 24. 11 வருடம் கிடைக்கவில்லை. 1962இல் காட்டுக்குள் எலும்பு கிடைத்தது, ரொறன்ரோ அடுத்த கோப்பையை வென்றதும் அதே 1962இல்தான். ஒரு விளையாட்டுக்காரரின் கதையென்று இதைக் கேட்கத் தொடங்கி, பதினொரு வருடமாக வீட்டில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்ற இடத்தில் நான் போய் நின்றுவிட்டேன். காணாமல் போன ஒருவரின் வீட்டில் நேரம் எப்படிப் போகும் என்று எங்கள் ஊர்க்காரருக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

‘வீட் கிங்ஸ்’ இன்னொன்று. ஸ்டூடியோ பதிவில் லூன் பறவையின் கூவலோடு தொடங்கும், நமது ஒரு டொலர் காசில் இருக்கிற அதே பறவை. கேட்கத் தாலாட்டு மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால் டேவிட் மில்கார்ட், செய்யாத கொலைக்கு 23 வருடம் சிறையில் இருந்தவர். சஸ்கற்றூனில் 1969இல் நடந்த கொலை, அப்போது அவருக்கு வயது 16. தாய் ஜோய்ஸ் கதவு கதவாகத் தட்டி 1992இல் வெளியே எடுத்தார், 1997இல் மரபணுச் சோதனைதான் அவர் குற்றமற்றவர் என்று நிரூபித்தது. பாட்டு வெளிவந்தது 1992இலேயே. இந்த நாட்டுக் குடியுரிமைச் சோதனைக்கு நான் படித்த புத்தகத்தில் இதெல்லாம் இல்லை, பிரதமர்கள் பெயரும் ரயில் பாதை போட்ட கதையும்தான் இருந்தது. அப்புறம் ‘பொப்கேஜன்’, இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஒரு குட்டி ஊரின் பெயர். டிஸ்க் வாங்கிய கோடையிலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல வெயில், ஆறு, படகுகள். வேறொன்றும் இல்லை.

மூன்று முறை மேடையை விட்டுப் போய் மூன்று முறை திரும்பி வருகிறார்கள். இரண்டாவது தடவை வந்தபோது பாடுகிற ‘கிரேஸ், டூ’தான் இந்த டிஸ்கில் எல்லோரும் பேசுகிற இடம். பாட்டு முடிகிற கட்டத்தில் டவுனி வரிகளை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்குகிறார். பாடகர் கத்துவது போல இல்லை, வலியில் மனிதர் கத்துவது. முகம் சுருங்கி அழுகிறார், மைக் கையை விட்டுப் போகிறது. மற்ற நால்வரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அது வேறு மாதிரி ஆகியிருக்கும். நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தவா விடவா என்று தெரியாமல் இருந்தேன். முப்பதாவது பாட்டு ‘அஹெட் பை எ செஞ்சுரி’, அது முடிந்ததோடு சரி.

குறை சொல்லாமல் விடமுடியாது. கமெரா அழுகிற முகங்களைத் தேடித் தேடிப் போகிறது, முதல் பத்து நிமிடத்துக்குச் சரி, பிறகு போதுமென்றாகிவிடுகிறது. நான் கிற்றார் வாசிக்கிற ரொப் பேக்கரின் விரலைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும்போது அங்கே யாரோ மூக்கைத் துடைக்கிறார்கள். ஹிப்பின் டீசேர்ட்டும் ஜீன்ஸ் ஜக்கெற்றுமாக வந்திருந்த அப்போதைய பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோவையும் எனக்குப் போதும் போதுமென்கிற அளவுக்குக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் ட்ரூடோ அங்கே இருந்ததால்தான் இன்னொன்று நடந்தது. மேடையில் நின்றபடியே டவுனி அவரை நோக்கிப் பேசுகிறார். தன்னைப் பற்றி இல்லை, நோயைப் பற்றி இல்லை. வடக்கே வாழ்கிற ஆதிக்குடி மக்களைப் பற்றி, அவர்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் நாம் வாழ்நாள் முழுவதும் பழக்கப்பட்டிருக்கிறோம் என்று. பிரதமர் அதைச் சரிசெய்வார் என்று கோடிப் பேர் முன்னால் சொல்லி அவரை மாட்டிவிடுகிறார். தன்னைப் பார்க்க வந்த கண்களையெல்லாம் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிட்ட மாதிரி. இரண்டு மாதம் கழித்து ‘சீக்ரெட் பாத்’ என்ற அவரது இசைத்தொகுப்பு வந்தது, ஜெஃப் லெமிரின் ஓவியங்களோடு. அதன் கதை சானி வென்ஜாக் என்ற 12 வயது ஒஜிப்வே ஆதிக்குடிப் பையனுடையது, ஆதிக்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த கெனோரா விடுதிப் பள்ளியிலிருந்து 1966 ஒக்டோபரில் வீட்டுக்குப் போகிறேன் என்று தண்டவாளம் வழியே நடந்தவன். வீடு 600 கிலோமீற்றர் தூரம். அது அவனுக்குத் தெரியாது. மெல்லிய சட்டை, சின்னக் கண்ணாடிப் போத்தலில் சில தீக்குச்சிகள். குளிரில் தண்டவாளத்தின் ஓரத்திலேயே செத்துக் கிடந்தான். 2016 டிசம்பரில் ஆதிக்குடித் தலைவர்களின் கூட்டத்தில் டவுனிக்குப் போர்வை போர்த்தி ஒரு லகோற்றாப் பெயர் வைத்தார்கள், நட்சத்திரங்களுக்கு நடுவே நடப்பவன் என்று பொருள்.

2017 ஒக்டோபர் 17 இரவு டவுனி போனார், வயது 53. அடுத்த நாள் காலை நாடாளுமன்றக் கட்டடத்தில் கமெராக்களுக்கு முன்னால் ட்ரூடோ கண்ணீர் விட்டார், அவர் இல்லாமல் நாடே குறைந்துவிட்டது என்றார். உண்மையான கண்ணீர்தான், நான் சந்தேகப்படவில்லை. ஆதிக்குடி ஊர்களில் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்ற நீண்டகால அறிவிப்புகளை 2021 மார்ச்சுக்குள் எடுத்துவிடுவோம் என்று அவரது அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அந்தத் தேதி வந்தபோதும் பல ஊர்களில் எடுக்கவில்லை. மேடையில் இருந்து ஒருவர் கேட்டதையும் கீழே இருந்து ஒருவர் தலையாட்டியதையும் டிஸ்கில் மறுபடி ஓடவிட்டுப் பார்க்கலாம், அந்த விதத்தில் இது ஒரு சாட்சிப் பத்திரம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை மூக்குத் துடைக்கிறவர்களுக்காக. ஹிப்பை ஒருபோதும் கேட்டதில்லை என்றால் முதலில் 1992இல் வந்த ‘ஃபுல்லி கம்ப்ளீட்லி’ தொகுப்பை நாலைந்து முறை கேட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிக் கேட்கும், எனக்கும் முதல் தடவை அப்படித்தான் கேட்டது. இரவில், பிள்ளைகள் படுத்த பிறகு பாருங்கள். ஒரே இருப்பில் பாருங்கள்.

போன மாதம் அந்தப் பழைய சமையல்காரரைக் கண்டேன், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். டிஸ்க் எடுத்த கதையைச் சொல்லி, வேண்டுமானால் பார்த்துவிட்டுத் தாருங்கள் என்றேன். வேண்டாம், தன்னிடமும் இருக்கிறது, வெளிவந்த கிழமையே வாங்கிவிட்டேன் என்றார். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டேன். சுற்றியிருந்த பொலித்தீனை இன்னும் கிழிக்கவில்லையாம்.